சாதிக்கு ஒரு கட்டம்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி சூடுபிடித்திருந்த 2020 கடைசியில், தனுஷா தியாகதுருகத்தில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை பார்த்தாள். கல்வராயன் மலையில் யாரிடம் எவ்வளவு சாமை இருக்கிறது என்று கேட்டு, அதை வாங்கிவர லாரி அனுப்புவது அவள் பொறுப்பு. அதற்கு ஒரு ஆப் இருந்தால் நல்லது என்று, புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் ஆப் செய்துகொள்ளக்கூடிய தளங்களைத் தேடிப் பிடித்தாள்.

முதல் தளம் பார்க்க அழகு. ஆனால் விவசாயிகள் பெயர் கொஞ்சம் ஏறியதும் இலவசம் முடிந்தது என்று பூட்டிக்கொண்டது. இரண்டாவது, சிக்னல் இல்லாத இடத்தில் திறக்கவே இல்லை. மலையில் பாதி ஊர் அப்படித்தான். மூன்றாவது சிக்னல் இல்லாமலும் வேலை செய்தது. ஆனால் கீழே இறங்கி சிக்னல் கிடைத்ததும் ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை ஏற்றியது. வீடியோ பார்த்துப் பார்த்து, அழாத குறையாக அதைச் சரிசெய்தாள்.

அப்போதுதான் இயக்குநர் கந்தசாமி கூப்பிட்டார்.

"நம்ம ஆளுங்க இடஒதுக்கீடு கேட்டு ரோட்ல மறியல் பண்ணிக்கினு இருக்காங்க. நாம யாருகிட்ட வாங்குறோம்னு தெரிய வேணாமா? ஆப்புல சாதின்னு ஒரு கட்டம் போடும்மா."

"லாரி அனுப்ப அது தேவையில்லீங்க சார்."

"சொன்னத செய்ம்மா."

எரிச்சலோடுதான் உட்கார்ந்தாள். அந்தக் கட்டம் மட்டும் ஒரு தகராறும் இல்லாமல் முதல் தடவையிலேயே வந்துவிட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மலையில் கரியாலூர்ப் பக்கம் வேடியப்பன் என்ற விவசாயி அவள் போனை வாங்கி, பெயர், ஊர், மூட்டைக் கணக்கு எல்லாம் தானே போட்டார். அந்தக் கட்டம் வந்ததும் விரல் நின்றது.

"இது இன்னாத்துக்கும்மா?"

"ஆபீஸ்ல கேக்குறாங்கண்ணே."

"நான் இன்னா ஆளுன்னு பாத்துதான் லாரி மலையேறுமா? நான் சந்தையிலயே போட்டுக்குறேன்." போனைத் திருப்பிக் கொடுத்தார். பின்னால் நின்றவர்களும் கலைந்தார்கள்.

பஸ்ஸில் மலை இறங்கும்போதே தனுஷா கட்டத்தை அழித்தாள். மறுநாள் கந்தசாமியிடமும் சொன்னாள்.

"அது இருந்தா மலையில ஒருத்தரும் தொட மாட்டாங்க சார். எடுத்துட்டேன்."

"அத முடிவு பண்றது நீயா?" கள்ளக்குறிச்சியிலிருந்து ஆப் வேலை தெரிந்த ஒருவரை வரவழைத்தார். "இவருக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துடு."

வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கண்ணெதிரே கட்டத்தைத் திரும்பப் போட்டார். தனுஷா பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். அடுத்த மாதத்திலிருந்து வேலைக்குப் போகவில்லை. மலையிலிருந்து அந்த ஆப்பில் யாரும் பெயர் ஏற்றவில்லை என்று பிறகு கேள்விப்பட்டபோதும் சந்தோஷம் வரவில்லை.

இப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு விதைக்கடையில் இருக்கிறாள். முதலாளி ஒருநாள், "நமக்கும் ஒரு ஆப் பண்ணித் தர்றியாம்மா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.