எங்கள் வாசலில் விழுந்த பேராசிரியர்

ஆயுத பூஜையன்று சென்னை பாடியில் எங்கள் வெல்டிங் பட்டறையில் அப்பா, அம்மா, நான், வேலைக்கு இருக்கும் அண்ணன் ஒருவர், இவ்வளவு பேர் இருந்தோம். சித்தப்பா மட்டும் இல்லை. ஆவடியில் அவர் வேலை பார்க்கும் இடத்துப் பூஜைக்குப் போய்விட்டார். திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்ததும் துண்டுகளை ரோட்டோரம் தள்ளிவிடுவது அவர்தான். மற்றவர்கள் தொடமாட்டோம். தொட்டவர் மேல் திருஷ்டி ஒட்டிக்கொள்ளுமாம். அதனால் அன்று அப்பா உடைத்த காய் ரோட்டிலேயே கிடந்தது.

என் பேராசிரியரை நான்தான் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; இப்போது அவரிடம் தத்துவத்தில் ஆராய்ச்சி செய்கிறேன்.

"நம்ம கையால நடந்தது எல்லாம் நாம செஞ்சதாப்பா? எதுக்கு நாம பொறுப்பு, எதுக்கு இல்லனு மேடம் புக்கு எழுதறாங்க" என்று அப்பாவிடம் ஒருமுறை சொன்னேன்.

"இத்துக்கா சம்பளம் தர்றான்?" என்றார். ஆனாலும் மேடம் வருகிறார் என்றதும் ஷட்டருக்குப் புது பெயிண்ட் அடித்தார்.

வாழைக்கன்று கட்டிய வாசல்களை வேடிக்கை பார்த்தபடியே மேடம் ஸ்கூட்டரில் வந்தார். எங்கள் வாசலுக்கு நேராக, குங்குமம் தடவிய பூசணித் துண்டின் மேல் சக்கரம் ஏறி வழுக்கியது. விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு வீங்கியது.

"அப்பவே தள்ளுனு சொன்னேன்" என்றாள் அம்மா.

"தொடாதேனு சொன்னதும் நீதானே!" என்றார் அப்பா.

"தெரு திருஷ்டி மொத்தமும் மேடத்து மேல பூட்ச்சே அண்ணாத்தே" என்றார் வேலைக்கார அண்ணன். மேடம் வலியோடு சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை.

கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவில்லை, சுளுக்குதான். அப்பா பணத்தை எடுத்து நீட்ட, மேடம் தடுத்தார். "வேண்டாங்க. நானும் ரோட்டப் பாக்காமத்தான் வந்தேன்."

நானும் சேர்ந்துகொண்டேன். "நீ வேணும்னேவா செஞ்ச? தெரு பூரா ஒடைக்கிறாங்கப்பா."

"தெரு பூரா ஒடச்சான். மேடம் உழுந்தது நான் ஒடச்ச காய்ல" என்றார் அப்பா. பிறகு மேடத்திடம், "நான் குடுக்கலன்னா, எங்க ஊட்டுக்கு சோறு துன்ன வாங்கனு உங்கள எந்த மூஞ்சியோட மேடம் கூப்புடறது?"

நான் மறுபடி வாயைத் திறந்தேன். மேடம் என் பக்கம் திரும்பினார். "நீ சும்மா இரு. அவர் செஞ்சத அவர்கிட்டேர்ந்து நாம ரெண்டு பேரும் பிடுங்கப் பாக்கறோம்." அப்பாவிடம், "எக்ஸ்ரே உங்களோடது. ஸ்கூட்டர்ல ஒடஞ்ச கண்ணாடி என்னோடது. சரியா?"

கேட் செய்யக் கூலி பேசுவது போல அப்பா யோசித்தார். "கட்டு, மாத்திரை?"

"அதுவும் உங்களோடதுதான்."

அப்போதுதான் அப்பா முகம் தெளிந்தது. "வாங்க மேடம், சாம்பார் ஆறிடும்" என்று முன்னால் நடந்தார். இடது கையில் ஸ்பூனைப் பிடித்து மேடம் சாப்பிட்டார். அப்பா கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்.

அப்பா கொடுத்தது, கண்ணாடி மாற்ற மேடம் கொடுத்தது, எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூற்று எழுபது ரூபாய் ஆயிற்று.