ஐந்தாவது கருவி

குடிநீர் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘காது’தான். இருபத்தாறு வருஷமாக இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, புதைந்த குழாய் எங்கே கசிகிறது என்று சொல்லிவருபவர். மனைவி கூப்பிட்டால் மட்டும் அந்தக் காது கேட்காது.

நானூறு தெருவுக்கும் சேர்த்து, குழாயின் அழுத்தம் பார்க்கும் கருவிகள் ஐந்து வந்தன. யானைப் பசிக்குச் சோளப்பொரி. போன வருஷம் குழாய் பெரிதாக வெடித்த நான்கு இடங்களில் நான்கை மாட்டச் சொன்னார் பொறியாளர். அங்கெல்லாம் புதுக் குழாய் போட்டாயிற்று, இனி வெடிக்கப்போவது பழசுதான் என்று காது சொன்னார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

“சரி, அஞ்சாவதை உங்க இஷ்டத்துக்கு மாட்டிக்குங்க” என்றார் பொறியாளர், பெரிய மனது பண்ணி.

இடம் காதின் மனதில் ஏற்கெனவே இருந்தது. தையல்காரர் வீட்டுச் சுவரை ஒட்டி ஓடும் பழைய பெரிய குழாய், கம்பி வைத்தபோது முனகியது.

“எங்க வீட்டுக்கு ஏதாவது ஆகுமாண்ணே?” என்று கேட்டார் தையல்காரர்.

“கருவி ஒண்ணு மாட்டிடறேன். அழுத்தம் குறைஞ்சா ஆபீஸ்ல தெரிஞ்சிடும், தண்ணிய நிறுத்திடுவோம்.”

அன்று சாயங்காலம் காதின் வீட்டுக்கு அவர் அக்கா வந்தாள். அம்மா போனபின் அவரை வளர்த்தவள். போன வருஷம் அவள் தெருவிலும் சின்னதாக ஒரு வெடிப்பு. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர்.

“இன்னும் குழாய்ச் சத்தம் கேட்டாலே பதறுதுடா. கூடப் பிறந்தவளுக்கு இதைக்கூடச் செய்யமாட்டியா?”

“அங்க புதுக் குழாய்க்கா” என்று சொல்லிப் பார்த்தார். அழுதாள். அக்காவிடம் அவர் ஜெயித்த வரலாறே கிடையாது. மறுநாள் ஐந்தாவது கருவி அவள் தெருவுக்குப் போனது.

பதினோராம் நாள், பட்டப்பகலில், பழைய குழாய் வெடித்தது. நிறுத்த ஆளில்லாமல் தண்ணீர் அடிமண்ணை அரிக்க, சுவர் அப்படியே தையல்காரர் மேல் சாய்ந்தது. தூக்கும்போதே உயிர் இல்லை. அலுவலகத் திரையில் ஐந்து கருவிகளும் பச்சை காட்டிக்கொண்டிருந்தன.

“நம்ம தெருவுல ஒரு சொட்டு ஒழுகலை. உன் புண்ணியம்டா” என்றாள் அக்கா, தட்டை அவர் பக்கம் நகர்த்தி. கொன்றது தான்தான் என்று அவருக்குத் தெரியும். தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது: அக்கா தெருக் கருவியைக் கழற்றி, வெடித்த இடத்தில் மாட்டவும்.

“அங்கயும் இப்போ புதுக் குழாய் சார்.”

“ஜனங்க கேக்கறாங்க. மாட்டுங்க.”

இடிந்த சுவரோரம், பளபளக்கும் புதுக் குழாயில் காது கருவியை மாட்டி முடுக்கினார். தையல்காரரின் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதத்தானே மாட்டறேன்னு அவர்கிட்ட சொன்னீங்க?”

“ஆமாம்மா” என்றார்.