மடக்குக் கேமராவுடன் போனவர்

செய்தி வந்தபோது பூகோள வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பண்ணை வீட்டு ஆள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து டீச்சரிடம் சொன்னார். "காரியஸ்தர் வீட்டுப் பொண்ண அனுப்புங்க. அதோட மாமா திருவாரூர்க் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போகயில வாய்க்கால்ல விழுந்து செத்துட்டாரு." வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. அழுகை வருவதற்கு முன்பே அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று காலை மாமா கல்யாணக் கேமராவை எடுத்துப் போகவில்லை.

தெற்குத் தெருவில் இருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அவரைப் படக்காரர் என்று கூப்பிட்டீர்கள். அவர் என் அம்மாவின் தம்பி சோமு. எங்கள் வீட்டு முன்னறையில் தங்கிக்கொண்டு கீழ்வேளூர்க் கடைத்தெருவில் ஸ்டுடியோ நடத்தினார். என் அப்பா யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பண்ணைக்குக் காரியஸ்தராக உங்கள் வாசலுக்கு வந்து அதட்டுகிறவர் அவர்தான். இப்போது கூடத்தில் படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

மாமாவிடம் இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒன்று பெரியது, தோல் உறையும் ஃப்ளாஷும் கொண்டது. சைக்கிள் பின்னால் வைத்துக் கட்டினால் தெருவே பார்க்கும். இன்னொன்று மடக்குக் கேமரா. மூடிவிட்டால் டிபன் பாக்ஸுக்குள் அடங்கிவிடும். வெளியூர் கிளம்பும் காலைகளில் இரண்டையும் கட்டிலில் வைத்துக்கொண்டு நேரம்போவது தெரியாமல் யோசிப்பார். "பொண்ணு பாக்கப் போறவன் சட்டை தேடுற மாதிரி தேடுறான் பாரு" என்று அம்மா கேலி செய்வாள். "கல்யாணத்துக்குப் போறவன் காட்டிக்கணும்க்கா. வயலுக்குப் போறவன் காட்டிக்கக் கூடாது" என்பார் மாமா. அதனால் அவர் எங்கே போகிறார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. எந்தக் கேமரா என்றுதான் கேட்போம்.

பண்ணையார் வீட்டுக் கல்யாணத்துக்குப் பெரியதைத்தான் கொண்டுபோனார். பண்ணையார் அந்த வருஷம்தான் கட்சிக் கரை வேட்டிக்கு மாறியிருந்தார். துண்டைச் சரிசெய்து சரிசெய்து, தனியாக ஒன்று, மந்திரி மாலையோடு ஒன்று என்று நின்றுகொண்டே இருந்தார். மாமா ஃப்ளாஷைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு படம் கேட்டு ஆள் வந்தபோது, "ஃபிலிம்ல வெளிச்சம் பூந்துடுச்சுங்க" என்று கையைப் பிசைந்தார். உள்ளே வந்ததும் என்னிடம் சொன்னார். "ஃபிலிமே போடல பாப்பா. அந்த மூஞ்சிக்கு வெளிச்சம் மட்டும் போதும்." அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அஞ்சலை அத்தை ஸ்டுடியோவுக்கு வந்த நாள் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். வயலில் நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றாள். மாமா தோட்டமும் படிக்கட்டும் வரைந்த திரையை இழுத்துவிட்டார். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இது எங்க வயல் இல்லீங்களே. நாங்க குத்தகைக்காரங்களே இல்ல, அங்க காலே வச்சதில்ல, நானே ஆள் விட்டு சாகுபடி பண்றேன்னு பண்ணையாரு தாசில்தாருகிட்ட எழுதிக் குடுத்திருக்காரு. இந்தப் படிக்கட்டுல நின்னா தாசில்தாரு நம்புவாரா?" மாமா திரையைச் சுருட்டினார். மறுநாள் மடக்குக் கேமராவோடு உங்களிடம் வந்தார். அவர் கட்சிக்காரர் இல்லை. சங்கத்திலும் இல்லை. ஏன் போனீர்கள் என்று நான் கேட்டதற்கு, "கேட்டது நியாயமான படம்" என்றார், அவ்வளவுதான்.

அன்று பதினோரு குடும்பங்களை, விளைந்த கதிருக்கு நடுவே, பின்னால் மதகு நம்பர் தெரியும்படி நிற்கவைத்து எடுத்தார். "ஆள யாரு வேணா எடுப்பான். எந்த வயல்னு காட்ட நம்பர் விழணும்" என்று உங்களை வெயிலில் நகர்த்தி நகர்த்தி நிறுத்தியதைச் செல்வி சொல்லிச் சிரித்தாள். செல்வி அஞ்சலை அத்தையின் மகள், என் வகுப்புத்தான். வெயில் இறங்கிவிட்டதால் ஆறு குடும்பங்கள் பாக்கி நின்றன. பன்னிரண்டு படம் பிடிக்கும் ரோலில் ஒரே ஒரு படம் மீதி இருந்தது.

எடுத்த ரோலைத் திரும்ப வயலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று மாமா நினைத்தார். ஸ்டுடியோவில் கழுவவும் முடியாது. பண்ணை ஆள் தினமும் வந்து காயப்போட்ட ஃபிலிமையெல்லாம் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனான். "மிச்ச ஆறும் எடுத்ததும் ரெண்டு ரோலையும் தஞ்சாவூர்ல கழுவிக்கலாம். ஒரு படத்த ஏன் வீணாக்கணும்? என்னை எடு பாப்பா" என்று கிணற்றடியில் போய் நின்றார். நான் அமுக்கினேன். கை ஆடிவிட்டது. "பேய் மாதிரி விழுந்திருப்பேன்" என்றார். ரோலைச் சுற்றி எடுத்து, காகிதப் பட்டையை நாக்கில் தொட்டு ஒட்டி, என் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டார்.

நான்கு நாள் கழித்து டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நான் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா காபி குடித்துக்கொண்டே கேட்டார்.

"மாமா கெளம்பிட்டானா? எந்தக் கேமரா?"

"சின்னதுப்பா."

எங்கள் வீட்டில் தினமும் கேட்கிற கேள்வி. யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அப்பா பாதிக் காபியை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். அதைப் பார்த்துக்கொண்டே ரிப்பன் கட்டினேன்.

வாய்க்காலில் முழங்கால் தண்ணீர்தான் ஓடியது. கால் தவறி விழுந்ததாகப் போலீஸ் எழுதிக்கொண்டது. சைக்கிள் கிடைத்தது, டிபன் பாக்ஸ் கிடைத்தது, கேமரா இல்லை. பெரிய கேமரா முன்னறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த யாரும், கல்யாணத்துக்குப் போனவர் இதை விட்டுவிட்டா போனார் என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் சமையலறையில் அப்பா அம்மாவிடம் அழுதது எனக்குக் கேட்டது. "ரெண்டு தட்டு தட்டி கேமராவ ஒடைப்பாங்கன்னுதான்டி நெனச்சேன்." அன்றிலிருந்து அம்மா அப்பாவுக்குச் சோறு போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை. கேமராவைப் பற்றிப் பண்ணைக்குச் சொன்னது அப்பா. அப்பாவுக்குச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியாது.

நாளைக்குக் கருமாதி. சாயங்காலம் ஸ்டுடியோ வாசலில் படத்திறப்பு. திறந்துவைப்பவர் பண்ணையார். ஊர்வலமாக வந்து பேசுவாராம். படம் வேண்டுமே என்று அம்மா பெட்டி பெட்டியாகக் கொட்டித் தேடினாள். "ஊரையே படம் எடுத்தான், அவனுக்குன்னு ஒண்ணு இல்லியே" என்று என் மடியில் விழுந்து அழுதாள். என் ஜாமெட்ரி பாக்ஸ் அப்போது இரண்டு முழத்தில் இருந்தது. அதில் அவர் படம் இருக்கிறது. ஆனால் அதைக் கழுவக் கொடுத்தால் உங்கள் பதினோரு குடும்பப் படங்களும் பண்ணை கைக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் மாமா பள்ளிக்கூடம் படித்தபோது எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கி, தட்டி போர்டு எழுதுகிறவரை விட்டு மீசை வரையச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மீசை மாமாவுடையது இல்லை. பண்ணையாருடையது மாதிரி இருக்கிறது.

காலையில் செல்வி துக்கம் கேட்கிற சாக்கில் வருவாள். அவள் பையில் இந்தக் காகிதத்தையும் ரோலையும் வைத்துவிடுவேன். அவள் படித்துக் காட்டியதும் காகிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள். கீழ்வேளூரிலோ திருவாரூரிலோ கழுவக் கொடுக்காதீர்கள், தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்கள். அடுத்த வாரம் தாசில்தார் விசாரணையில் பதினொன்றையும் வையுங்கள். பாக்கி ஆறு குடும்பங்களுக்குப் படம் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். அவர்கள் என்னைத் திட்டினால் திட்டட்டும்.

பன்னிரண்டாவது படத்தை உங்கள் தெருவிலேயே மாட்டி நீங்களே திறந்துவையுங்கள். அம்மாவிடம் எப்போது காட்டலாம் என்று அஞ்சலை அத்தை பார்த்துச் சொல்லட்டும். எனக்கு அது வேண்டாம். அதில் அவர் என்னைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருப்பார்.

ரோலைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையைக் கிழித்துத்தான் கழுவ வேண்டும். கிழித்ததைத் தூக்கிப் போட வேண்டாம் என்று அங்கே சொல்லி, செல்வியிடம் கொடுத்தனுப்புங்கள். அவர் நாக்கு பட்டது அது. நான் அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.