வாசலோரத்து இடம்

கம்பெனி வேனில் கதவோரத்து இருக்கையைத் தவிர வேறெங்கும் செல்லத்தாய் உட்கார மாட்டாள். கல்யாண மண்டபமோ, சாத்தூர் ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் வாசலோரம்தான். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியிலும் இருபத்திரண்டு வருடமாக வாசல் பக்கம் உட்கார்ந்துதான் மருந்து அடைக்கிறாள். "வெடிச்சா நாலு எட்டுல வெளிய நிக்கணும்ல" என்பாள், உலை வைப்பதைப் பற்றிச் சொல்வதுபோல.

மகா கெட்டிக்காரி. ஓர் அறைக்கு நாலு பேர்தான் என்று சட்டம் பேசி, ஐந்தாவதாக வந்தவளை போர்மேன் கண்முன்னேயே திருப்பி அனுப்புவாள். உரசினால் பொறி பறக்கும் என்று மெட்டி, கொலுசு எதையும் உள்ளே விடமாட்டாள். மற்ற கம்பெனிப் பெண்கள்கூட அவளிடம்தான் யோசனை கேட்பார்கள்.

சித்திரையில் அந்தக் கம்பெனி வெடித்தது. மூன்று பேர் போனார்கள். அன்று ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்ததால் செல்லத்தாய் தப்பினாள். ஆவணியில் மறுபடி திறந்தபோது, கூட வேலை பார்த்த இருளம்மாள், "எனக்கு ஈரக்கொலை நடுங்குது மதினி, நான் வரல" என்று சொல்லிவிட்டுக் கருவேலம் வெட்டப் போய்விட்டாள். செல்லத்தாய்க்கும் நடுங்கத்தான் செய்தது. ஆனால் அவளுக்குத்தான் யோசிக்கத் தெரியுமே!

"வெடிச்ச எடத்துலதான் இனிமே பயமில்ல. ஆபீசருக வாரத்துக்கு ஒருக்க வந்து நிப்பாக. மொதலாளியும் பயந்து கெடக்காக. இதை விட்டுட்டு வேற கம்பெனிக்குப் போறவதான் கூறுகெட்டவ."

அதே நியாயத்தில், பட்டம் முடித்து வீட்டிலிருந்த மகள் வேல்விழியையும் தீபாவளி சீசனுக்குக் கூப்பிட்டுவிட்டாள். "ரெண்டு மாசந்தானட்டி." அடிப்பாவி, பெற்ற பிள்ளையை!

ஆபீசர்கள் இரண்டு வாரம் வந்தார்கள். அப்புறம் காணோம். ஆர்டர் குவிந்தது. புரட்டாசியில் ஒரு காலை, போர்மேன் வேல்விழியை அவள் அம்மா இருந்த அறைக்கே ஏழாவது ஆளாக அனுப்பினார். செல்லத்தாய் தலைகளை எண்ணினாள். புதிதாக வெள்ளையடித்த சுவரைப் பார்த்தாள். ஊரெல்லாம் கேட்க நியாயம் பேசிவிட்டு, இப்போது எந்த முகத்தோடு மகளைத் திருப்பிக் கூட்டிப்போவது?

"யம்மா, நான் எங்கன உக்கார?"

செல்லத்தாய் எழுந்தாள். தன் சாக்கை உதறி வாசலோரத்திலேயே மறுபடி விரித்து, மகளை அதில் உட்காரவைத்தாள். தான் உள்ளே போய், மருந்துத் தட்டுக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.