பினாங்கு வரைக்கும் தாங்காத வயிறு

என் வயிற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்துக்கு வேலைக்குப் போனவன் நான். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய பச்சைத் தோலைப் புரட்டிப் போட்ட கையைக் குழாயில் ஒரு தடவை காட்டிவிட்டு, அதே கையால் சோற்றை அள்ளித் தின்றவன். கூட வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் வாந்தி வரும், பேதி வரும். எனக்கு ஏப்பம்தான் வரும். அப்படி இருந்தவன் இன்றைக்குச் சொந்தமாகக் கம்பெனி வைத்திருக்கிறேன். அங்கே தைக்கிற ஷூ மேல்தோல் கடல் தாண்டிப் போகிறது. நான்தான் அதுவரைக்கும் கடல் தாண்டியதில்லை.

போன வருடம் தாண்டினேன். காரணம் என் மனைவியின் தங்கை. அவள் கல்யாணமாகிப் பினாங்குக்குப் போனவள், அங்கேயே குடும்பம். சிறுநீரகம் கெட்டுப்போய், மாற்று சிறுநீரகம் வைத்து, அப்போதுதான் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள். அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது. போனில் முகத்தைப் பார்த்து அழுதுகொண்டே இருப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தங்கைக்குக் கொடுக்கிற மாத்திரை உடம்பில் எதிர்ப்பு சக்தியைக் குறைத்துவிடுமாம். நமக்குச் சாதாரணமாக வந்து போகிற ஜுரமோ பேதியோ அவளுக்கு வந்தால் வைத்த சிறுநீரகமே போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவளே முன்கூட்டி எச்சரித்தாள்.

“அக்கா, வா. ஆனா உனக்கு இருமல், வயித்தால போறது, எது இருந்தாலும் வந்துடாத. நான் அழுதாக்கூட வராத.”

“பிளைட்ல நேரா பினாங்கு போய்ட்டு வந்துடலாம் நைனா” என்றாள் என் மகள். நான்தான் கேட்கவில்லை. “நம்ம சரக்கு போற கடல்ல நாம போவக் கூடாதா? கப்பல்லயே போலாம்” என்றேன். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கில் ஒரு பகல் நின்று, திரும்பி வருகிற உல்லாசக் கப்பல். மகள், மாப்பிள்ளை, நான், என் மனைவி. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு அறை, எங்களுக்குப் பக்கத்து அறை.

ஏறுவதற்கு முன்னாலேயே குழப்பம் தொடங்கிவிட்டது. கப்பலில் ஒருத்தருக்கு வயிறு கெட்டால் நூறு பேருக்குப் பரவும் என்று மகள் செல்போனில் படித்திருந்தாள். கதவைத் தொட்டால் சோப்பு, சாப்பிடுமுன் சோப்பு, கக்கூஸ் போனால் சோப்பு என்று பாடம் எடுத்தாள். மாப்பிள்ளை தகர டப்பா அளவுக்கு, கையில் தேய்க்கிற ஜெல் பாட்டில் ஒன்றை இடுப்பில் தொங்கவிட்டிருந்தார். கப்பலிலும் சாப்பாட்டு மண்டபத்தின் வாசலில் ஜெல் பீய்ச்சுகிற மெஷின் இருந்தது.

“அந்த ஜெல்லுக்கு இந்த வயித்துக் கிருமி சாவாது நைனா. சோப்பு போட்டுத் தேய்ச்சுத்தான் கழுவணும்.”

“சாவாதுன்னா அப்புறம் எதுக்கு அதை வாசல்ல வெச்சிருக்கான்?”

“வேற கிருமிங்க சாவும்.”

“அப்ப எந்தக் கிருமி எங்க இருக்குதுன்னு கிருமிய கூப்ட்டு கேட்டுட்டா கை கழுவ முடியும்?”

எனக்கு ஜெல்லின் மேல்தான் நம்பிக்கை. அதன் வாசனை எங்கள் கம்பெனியில் தோலுக்குக் கடைசியாகப் பூச்சு அடிக்கிற இடத்தில் வருகிற ஸ்பிரிட் வாசனை. மூக்கைத் துளைக்கிற அந்த நெடிக்குத் தப்பி ஒரு கிருமி உயிரோடு இருக்கும் என்று சொன்னால் நான் எப்படி நம்புவேன்? உள்ளே போகும்போதெல்லாம் ஜெல்லைத் தாராளமாக வாங்கித் தேய்த்துக்கொண்டேன்.

சாப்பாட்டு மண்டபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கல்யாணத்துக்கு இலை போட்டு ஆள் பரிமாறுவார்கள். அங்கே எல்லாவற்றையும் நீளமாகப் பரப்பி வைத்துவிட்டு நம்மையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். குட்டிக் குட்டியாக ரொட்டி ஒரு பெரிய தட்டு நிறைய இருந்தது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது. தோலை ரகம் பிரிக்கிற மேசையில் என் ஆயுள் பாதி போயிருக்கிறது. கண்ணால் பார்த்து எந்தத் தோலையும் நான் எடுத்ததில்லை. கட்டைவிரலை வைத்து ஒரு அமுக்கு, திருப்பி ஒரு தடவல், மூக்கருகே ஒரு முறை. அவ்வளவுதான், முதல் தரமா மூன்றாம் தரமா என்று சொல்லிவிடுவேன். வெளிநாட்டு ஆட்கள் மெஷின் வைத்து அளந்து பார்த்துவிட்டு, பெரியவர் சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொண்ட கட்டைவிரல் இது. அந்த விரல் ரொட்டியிடம் சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாக அமுக்கினேன். மெத்தென்று இருந்தவற்றை ஒரு பக்கம் ஒதுக்கினேன், விறைத்ததை மறுபக்கம்.

பரிமாறுகிற இடத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை நின்றான். தூத்துக்குடிப் பக்கம் என்று முதல் நாளே விசாரித்து வைத்திருந்தேன்.

“ஐயா, கையால தொடாதீங்க. இந்தா இடுக்கி இருக்குல்லா?”

“தொடாம எது நல்லதுன்னு எப்படிப்பா தெரியும்?”

“எல்லாம் ஒரே மாவு, ஒரே அடுப்புதான்யா.”

“ஒரே மந்தையில இருந்து வர்ற ஆட்டுத் தோலே ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. நீ இன்னா பேசற?”

அவன் சிரித்துக்கொண்டே தட்டை அப்படியே தூக்கி உள்ளே கொண்டுபோனான். எனக்காகச் சூடாக எடுத்துவரப் போகிறான் என்று நினைத்தேன். மகள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“நைனா, நீ தொட்ட ரொட்டி எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டாங்க.”

“ஏன், என் கையில இன்னா விஷமா இருக்குது?”

“விஷம் இல்ல மாமா” என்றார் மாப்பிள்ளை. “கப்பல்ல இருக்கிற அத்தினி பேரும் புடிச்ச படிக்கட்டுக் கம்பி இருக்குது.”

என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய்ச் சோப்பு போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சாப்பிடுமுன்தான் ஒருமுறை கழுவியிருந்தாள்.

பினாங்குக்கு முந்தின நாள் காலையில், காப்பிக்கு முன்னால், எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிறகு வாந்தி. எனக்கு! கப்பல் ஆடுகிறது, அதனால்தான் என்று முதலில் சமாளித்தேன். வாந்தியோடு நிற்காமல் கீழேயும் தொடங்கியபோதுதான் கப்பலின் மேல் பழி போட முடியாமல் போயிற்று. அப்போதும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இஞ்சி மென்றால் சரியாகும், இது கடல் மயக்கம் என்றார் மாப்பிள்ளை. முந்தின நாள் இறால் என்றாள் என் மனைவி. ஐஸ்கட்டி போட்ட ஜூஸ் என்று நான் நினைத்தேன். மகள் என் கையைப் பார்த்தாள்.

அடுத்த கேள்வி, கப்பல் டாக்டரிடம் சொல்வதா வேண்டாமா என்பது.

“சொல்லாதீங்க மாமா. சொன்னா ரூம்ல அடைச்சுடுவாங்க. அத்தையையும் சேத்து அடைச்சுட்டா நாளைக்கு இறங்கவே முடியாது. இவ்ளோ தூரம் வந்ததே அதுக்குத்தான்.”

“சொல்லாம இருந்தா இன்னும் பத்து பேருக்குப் பரவும்” என்றாள் மகள்.

“உங்கப்பாவுக்கு ரெண்டு தடவ போனதுக்கு கப்பலே கவுந்துடுமா?”

இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. கம்பெனியில் இந்த மாதிரி நேரத்தில் நான் சட்டென்று முடிவு சொல்லிவிடுவேன், அதற்குப் பெயர் எடுத்தவன். அன்றைக்கு வாய் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் போலிருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிதான் மகளைப் பார்த்துச் சொன்னாள்.

“போன் போடு. சொல்லு.”

முகத்தில் துணி, கையில் உறை போட்டுக்கொண்டு பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்தி வந்தாள். அவள் இங்கிலீஷில் கேட்டதை மகள் எனக்குத் தமிழில் கேட்டாள். எத்தனை தடவை, எந்த நிறம் என்றெல்லாம் பெற்ற மகள் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? சொன்னேன். நான் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. சாப்பாடு வாசலுக்கு வரும். மகள் அறையில் என் மனைவி போய்ப் படுத்துக்கொள்ளலாம். குடிப்பதற்கு உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி கொடுத்தாள். அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குப் புரிந்த வைத்தியம். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க நாங்களும் உப்பைத்தான் தடவுவோம்.

“எங்க அம்மா நாளைக்கு இறங்கலாமா?” என்று மகள் கேட்டாள்.

அவர்களுக்கு ஒன்றும் இல்லை, தடுக்க மாட்டோம் என்றாளாம் நர்ஸ். ஆனால் கிருமி உடம்பில் புகுந்த பிறகு வெளியே தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகலாம் என்றும் சொன்னாளாம். எனக்குத் தலை சுற்றியது. போகலாம் என்கிறாளா, கூடாது என்கிறாளா?

“உனக்கு ஒண்ணும் இல்லன்னு நர்ஸே சொல்லிட்டா. போய்ட்டு வா” என்றேன் மனைவியிடம்.

“இன்னிக்கு இல்லன்னு சொன்னாங்க.”

“மூஞ்சில துணி கட்டிக்கினு போங்க அத்தை” என்றார் மாப்பிள்ளை.

“அது மூச்சுல பரவுறதுக்கு. இது கையில பரவுது” என்றாள் மகள். “போவவே வேணாம்மா. கப்பல்ல இருந்தே போன்ல பேசிக்கலாம்.”

“போன்ல பேச ஆம்பூர் போதாதா?” என்றாள் என் மனைவி. தன் பையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கப்பல் பினாங்கில் நின்றது. அவள் எனக்குத் துணையாக இருந்துவிடுவாள் என்றுதான் மனதுக்குள் எண்ணியிருந்தேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு உடம்புக்கு முடியாதபோது அவள் எங்கேயும் போனதில்லை. ஆனால் புதுச் சேலை கட்டிக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்றபடியே, “அந்தத் தண்ணிய குடிச்சுக்கினே இருங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மகளும் கூடப் போனாள். மாப்பிள்ளை பக்கத்து அறையில் எனக்குக் காவல்.

ஜன்னல் வழியாகத் தூரத்து மலையும் கட்டிடங்களும் தெரிந்தன. ஒருத்தன் கதவைத் தட்டுவான். திறந்தால் ஆள் இருக்க மாட்டான், தரையில் வெறும் சோறும் வாழைப்பழமும் இருக்கும். அதைத் தின்றுகொண்டே யோசித்தேன். நான் ரொட்டியைத் தொட்டதால் எனக்கு வந்ததா? இல்லை, எனக்கு ஏற்கெனவே இருந்து, நான் தொட்டு மற்றவர்களுக்குக் கொடுத்தேனா? ரொட்டியைத்தான் கொட்டிவிட்டார்களே, அப்புறம் எப்படி? நர்ஸிடம் மகளை விட்டுக் கேட்கச் சொன்னபோது, அதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது, சோப்பு போட்டுக் கழுவுங்கள் என்றுதான் பதில் வந்திருந்தது.

சாயங்காலம்தான் வருவார்கள் என்று நினைத்தேன். மதியச் சோற்றுத் தட்டை நான் வெளியே வைக்குமுன்பே வந்துவிட்டார்கள். நடந்ததை மகள்தான் வாசலில் நின்று சொன்னாள்.

என் மனைவி தங்கை வீட்டுக்கே போகவில்லை. துறைமுகத்துக்கு வெளியே கடலை ஒட்டி ஒரு நடைபாதை இருக்கிறதாம். அங்கே வரச் சொல்லியிருக்கிறாள். தங்கை புருஷனோடு காரில் வந்து, இறங்கி, “அக்கா” என்று ஓடி வந்திருக்கிறாள். இவள் பின்னால் நகர்ந்துகொண்டே கையைக் காட்டித் தடுத்திருக்கிறாள். நடுவில் ஒரு லாரி போகிற அளவு இடம் விட்டு, ஒரு பெஞ்சில் இவள், எதிர் பெஞ்சில் அவள். அப்படியே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். காற்று அடித்ததால் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்ததாம்.

“சித்தி ரொம்ப அழுதாங்க நைனா. ‘ஒரே ஒரு தடவ கையப் புடிச்சுட்டுப் போ’ன்னு கேட்டாங்க. அம்மா மாட்டேன்னுட்டாங்க.”

மகள் நகர்ந்த பிறகு மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“தொடக்கூட இல்லையா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்குப் போன?”

“பாக்கத்தான் போனேன்.”

“எப்படி இருக்குறா?”

“மாத்திரையில மூஞ்சி உப்பியிருக்குது. ஆனா நிறம் வந்துடுச்சு. நடை நல்லாயிருக்குது.” முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, “காரைவிட்டு எறங்கி எப்படி ஓடி வந்தா தெரியுமா?” என்றாள். அவள் சிரித்ததாகத்தான் எனக்குப் பட்டது. கண்ணும் கலங்கியிருந்தது.

எனக்கு ஊர் வந்து சேருவதற்குள் சரியாகிவிட்டது. என் மனைவிக்குக் கடைசி வரைக்கும் ஒன்றுமே வரவில்லை. ஒரு தும்மல்கூட இல்லை. அதுதான் என்னை இன்றுவரை குடைகிறது. அவ்வளவு தூரம் போய், ஒன்றும் இல்லாத கையால் தங்கையின் கையைப் பிடிக்காமல் வந்துவிட்டாளே! ஒருநாள் சமையலறையில் கேட்டேவிட்டேன்.

“உனக்குத்தான் ஒண்ணும் வரலியே. அன்னிக்கு கட்டிப் புடிச்சிருக்கலாம் இல்ல?”

“வரலன்னு இப்பதானே தெரியுது.”

எத்தனையோ வெளிநாட்டு வியாபாரிகளை விலை பேசி மடக்கியவன் நான். அந்தப் பதில் சரியா தப்பா என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தங்கையிடம் போனில் கேட்டால் உதவும் என்று நினைத்தேன். “எங்கக்கா கல் நெஞ்சுக்காரி மாமா, தொடாமயே போய்ட்டா” என்றாள். திட்டுகிறாளா, பெருமையாகச் சொல்கிறாளா என்று அந்தக் குரலை வைத்து என்னால் பிரிக்க முடியவில்லை.

போன வாரம் மகளிடம் பினாங்குக்கு நேராகப் போகிற பிளைட்டுக்குச் சீட்டுப் பார்க்கச் சொன்னேன். எத்தனை சீட்டு என்று கேட்டாள். ரெண்டு என்றேன்.

“ஒண்ணு போதும்” என்றாள் என் மனைவி. “இந்தவாட்டி அவ கூட பத்து நாள் தங்கி, அவளுக்கு நானே சமைச்சுப் போட்டுட்டு வர்றேன். நீங்க வேணாம்.”

“நான் சோப்பு போட்டுக் கழுவறேன்டி.”

“கழுவுங்க. இங்கயே கழுவுங்க.”

விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவா என்று தெரியவில்லை. மகள் என் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு சீட்டுதான் போட்டிருக்கிறாள்.