இடி இடித்தால் ஓடும் வாட்ச்மேன்

அவர் மேல் நான் கோபப்பட வேண்டுமா, பரிதாபப்பட வேண்டுமா? இன்னும் தெரியவில்லை.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் என் மகள் படிக்கும் நர்சரிக்கு அவர்தான் வாட்ச்மேன். ஒடிசலான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட காக்கிச் சட்டை. எந்தக் கதவையும் மூடவிட மாட்டார். கல்லை வைத்துத் திறந்தே வைப்பார்.

ஒரு மத்தியானம் மகளைக் கூப்பிடப் போயிருந்தேன். பெரிதாக இடி இடித்தது. வராந்தாவில் நின்றிருந்தவளை அவர் வாரித் தூக்கிக்கொண்டு நடு ரோட்டுக்கு ஓடினார். வந்த ஆட்டோ அவர்களை ஒட்டி நின்றது.

"இன்னாங்க பண்றீங்க? கொழந்தைக்கு அடிபட்டிருந்தா?" என்று கத்தினேன்.

"மைன்ஸ்ல பாறை வெடிச்சா தொழிலாளிங்க இருந்த லைன் வீடெல்லாம் ஆடும்மா. வெளிய ஓடியே பழக்கம்."

"மைன்ஸ்தான் மூடியாச்சே!"

"எனுக்குத் தெரியும்மா. காலுக்குத் தெரியலயே. பால் பொங்கினா நீங்க மட்டும் யோசிச்சிட்டா ஓடறீங்க?"

சிரித்தார். மகளை என் கையில் கொடுத்தார். புகார் சொன்னால் வேலை போய்விடுமே என்று பேசாமல் வந்துவிட்டேன். அது சரியா என்று தினமும் யோசிக்கிறேன்.

ஏனென்றால் இப்போது பட்டாசுச் சத்தம் கேட்டாலே என் மகள் தெருவுக்கு ஓடுகிறாள். எங்கள் வீட்டை ஒட்டித்தான் பஸ் போகிறது. "ரோட்டுக்கு ஓடலாமா?" என்று கேட்டால், "கூடாது" என்று ஒழுங்காகச் சொல்கிறாள். சத்தம் வந்ததும் ஓடிவிடுகிறாள். திட்டியும் பார்த்தேன், கொஞ்சியும் பார்த்தேன். ஒரே ஒரு தடவையில் அவள் உடம்பு கற்றுக்கொண்டதை எப்படி மறக்கவைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.