நான் ஒதுங்கியதும் அடங்கிய கருவி

இலங்கையில் போர் முடிந்த ஆண்டின் இலையுதிர் காலம். ஒடென்சே நகரிலிருந்து நானும் என் மேலதிகாரியும் படகேறி ஒரு சின்னத் தீவுக்குப் போயிருந்தோம். மேலதிகாரி என்றதும் பயந்துவிடாதீர்கள். டென்மார்க்கிலேயே வளர்ந்த, என் வயதில் பாதிகூட இல்லாத தமிழ்ப் பெண். அவர் பொறியியலாளர், நான் கருவி சுமப்பவன். என் படிப்புக்கு அதுவே பெரிய பதவி.

முன்பு இராணுவக் கிடங்கு இருந்த நிலம் அது. மண்ணில் கதிரியக்கம் இல்லையென்று நாங்கள் சொன்னால்தான் அங்கே வீடு கட்டலாம். ஓர் இளம் டெனிஷ் தம்பதி நகரத்து வீட்டை விற்றுவிட்டு வந்து காத்திருந்தார்கள். மனைவி நிறைமாதக் கர்ப்பிணி.

படகுத்துறையில் சோதித்தபோது கதிரியக்கம் அளக்கும் கருவி சமர்த்தாகத்தான் இருந்தது. பிறகு குளிர்காற்று அடிக்க, எங்கள் வாகனத்தில் கிடந்த ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு, கருவியை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தேன். டிக், டிக், டிக்! எந்த மூலைக்குப் போனாலும் அதே சத்தம். அந்தக் கர்ப்பிணிப் பெண் வயிற்றில் கை வைத்தபடி என்னையே பார்த்தாள்.

"அண்ணை, எல்லா இடத்திலையும் ஒரே மாதிரி அளவு கூடக் காட்டுது. இப்பிடி வராதே!" என்றார் மேலதிகாரி.

"நான் ஒழுங்காத்தான் பிடிக்கிறன், பிள்ளை."

பயமும் அவர்கள் தந்த கோப்பியும் சேர்ந்து முட்ட, கருவியை மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டுப் பற்றைக்குப் பின்னால் ஒதுங்கினேன். திரும்பி வந்தால், "அண்ணை, அங்கையே நில்லுங்கோ!" என்று ஒரு கத்தல்.

"என்ன, பாம்பா?"

"நீங்கள் போனதும் இது அடங்கிட்டுது. இப்ப கிட்ட வாங்கோ... தள்ளிப் போங்கோ..."

முன்னே போனால் டிக் டிக். பின்னே வந்தால் அமைதி. அந்தத் தம்பதிக்கு முன்னால் நான் ஆடிய நடனத்தை இன்னும் யாருக்கும் ஆடிக் காட்டவில்லை.

"பொக்கற்றுக்கை என்ன வச்சிருக்கிறியள்?"

ஒரு சின்னப் போத்தல். போர் முடிந்த கையோடு ஊருக்குப் போன மச்சான் கொண்டுவந்து தந்த, எங்கள் கிழக்குக் கடற்கரையின் கறுப்பு மணல். அதில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இயற்கையாகவே கொஞ்சம் இருக்குமாம். எனக்கு அன்றுதான் தெரியும்.

"எல்லாற்றை மச்சானும் மிக்சர் கொண்டு வருவினம். உங்கட ஆள் தோரியம் கொண்டு வந்திருக்கிறார்!"

போத்தலைப் படகுத்துறையில் வைத்துவிட்டு முதலிலிருந்து அளந்தோம். நிலம் சுத்தம். கர்ப்பிணிப் பெண் அழுது சிரித்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அதற்கு முன் என் பைகளைத் தட்டிப் பார்த்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போதும் 'இந்த இடம் சரியில்லை' என்று சொல்ல வாயெடுத்தால், என் கை தானாகவே என் பையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறது.